மாப்பிள்ளையின் மருந்து

கலைவாணன் பெண் பார்க்கக் கம்பைநல்லூர் போனபோது, காபிக்கு முன்னால் ஸ்கேன் ஃபைல் வந்தது. கொண்டுவந்தவர் பெண்ணின் அத்தை அன்பரசி. பட்டுப்புடவை, கீமோவில் முடி கொட்டிய தலையில் பூப்போட்ட துணி.

"மாப்ள, உங்க மருந்து எப்பங்க வரும்? அதுக்காவத்தான் அடுத்த கீமோவுக்குப் போவாம நிறுத்தி வெச்சிருக்கேன்."

கலைவாணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவைப் பார்த்தான். தீர்த்தம்மாள் சுவரில் பல்லி தேடிக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால்தான் வேலை. பையன் கேன்சருக்கு மருந்தே கண்டுபிடித்துவிட்டான் என்று இவர்களிடம் அளந்துவிட்டது அம்மாவின் கைங்கரியம். பிள்ளைப் பெருமைக்கும் ஒரு அளவு வேண்டாமா?

உண்மையைச் சொன்னால் சம்பந்தம் போய்விடும். பெண் யுவராணியின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு அவள் நினைப்பாகவே இருந்தது. சொல்லாவிட்டால் இந்த அம்மாளே போய்விடுவார்.

"நா மருந்து கண்டுபிடிக்கலைங்க. கேன்சர் செல்லுல ஒரு புரோட்டீன் இருக்குதுங்க. எந்த மூலக்கூறு அதுல போயி ஒட்டி அத அடக்கும்னு கம்ப்யூட்டர்ல பொருத்திப் பாக்கறேன். அவ்ளோதாங்க."

"ஜாதகம் பாக்கற மாதிரியா?" என்றார் பெண்ணின் அப்பா நஞ்சப்பன்.

"அப்படித்தாங்க. கம்ப்யூட்டர் பொருந்துதுன்னு சொல்றதுல முக்காவாசி லேப்ல வெச்சா ஒட்டறதில்ல. ஒட்டுனாலும் மருந்தா வர வருசக்கணக்காவுங்க. நீங்க கீமோவ வுட்றாதீங்க."

நஞ்சப்பனின் முகம் தொங்கிப்போனது. தீர்த்தம்மாள் மகனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். அன்பரசி ஃபைலை மூடினார்.

"உங்க ரெண்டு பேருக்கும் நல்ல பொருத்தம்னு ஜோசியர் சொன்னாரு," என்றார் அன்பரசி கடைசியில். "அவரும் கம்ப்யூட்டரத் தட்டித்தான் சொன்னாரு. அப்ப இதயும் லேப்ல வெச்சுப் பாத்துரலாமுங்க. வெள்ளிக்கெழம சேலம் ஆஸ்பத்திரிக்குப் போறேன். யுவராணிதான் கூட வருவா. நீங்களும் வாங்க."

நஞ்சப்பன் வாயைத் திறப்பதற்குள் உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கீமோ ஏத்துனா அத்தை வாந்தியெடுப்பாங்க. பக்கெட் புடிப்பீங்களா?"

"புடிக்கறேனுங்க," என்றான் கலைவாணன். பெண்ணை அவன் இன்னும் நேரில் பார்க்கவே இல்லை.