அத்தைக்கு எட்டு விநாடி

நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் பதிவுகளுக்குள் பதுங்கியிருந்த ஒரே ஒரு வரியை, இரண்டு கண்ணையும் கட்டிக்கொண்டு, சோபாவை விட்டு எழாமல், ஒரு கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் கண்டுபிடித்த ஆள் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

நம்பாதவர்கள் வரிசையில் வரலாம். வரிசையின் முதல் ஆள் என் சம்பந்தி. என் மருமகளைப் பெற்றவர், ஓய்வு பெற்ற நில அளவையாளர். "நான் சங்கிலி பிடிச்சு அளந்தவன் சம்பந்தி, நீங்க வாயாலயே அளக்கிறவர்" என்று கல்யாணத்தன்றே என்னிடம் சொன்னவர். இந்த வரியைத் தேடிய அன்றைக்கும் எனக்கு எதிரில் உட்கார்ந்து திருத்தம் போட்டார்: "ஒரு கண்ணுலதான் கட்டு." உண்மைதான். வலது கண்ணில் முந்தின நாள் அறுவை சிகிச்சை. ஆனால் இடது கண் புரை முற்றித் தன் முறைக்காகக் காத்திருந்தது. ஜன்னல் எது, சம்பந்தி எது என்பது வரைக்கும்தான் அதற்குத் தெரியும். என் கணக்கில் அதுவும் கட்டுதான்.

அன்று என் மருமகளுக்கு வேலை ஆட்டம் கண்டிருந்தது. லிஃப்ட்களை இயக்கும் மென்பொருள் எழுதும் கம்பெனி. நான் முப்பது வருஷம் குப்பை கொட்டிய அதே இடம். முந்தின வாரம் ஒரு முதியோர் இல்லத்தில் புதிதாக வைத்த லிஃப்டின் கதவு, ஒரு பெரியவர் உள்ளே வருவதற்குள் மூடி, அவருடைய கைத்தடியை வளைத்துவிட்டது. ஆளுக்கு ஒன்றுமில்லை. ஆராய்ந்தால், கட்டடக்காரர்கள் தனியாக நேரம் சொல்லாத இடங்களில் கதவு திறந்திருக்க எடுத்துக்கொள்ளும் பொது நேரம் வெறும் மூன்று விநாடி. அந்த வரியை எழுதியது யார் என்று கேட்டால், கணினி மருமகள் பெயரைச் சொன்னது. மூன்றரை மணிக்குக் கூட்டம். அவளை லிஃப்ட் வேலையிலிருந்து தூக்கி, கையேடு எழுதும் பிரிவில் போடப்போகிறார்கள்.

"நான் நம்பர்ல கையே வைக்கலை மாமா," என்றாள். "ரெண்டு வருஷம் முன்னாடி அந்த ஃபைலை வேற இடத்துக்கு மாத்தி, இடைவெளி எல்லாம் ஒழுங்கு பண்ணி, பேரெல்லாம் மாத்தினேன். அவ்வளவுதான்."

விஷயம் அதுதான். வீட்டுக்கு வெள்ளையடித்தவன் பெயரை ஒவ்வொரு செங்கல்லிலும் எழுதி வைத்தது போல, மொத்த ஃபைலும் அவள் பெயருக்குப் போய்விட்டது. அதற்கு முந்தைய வரலாறு அழியவில்லை. எந்த மாற்றத்தை யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்று 'கிட்' என்கிற பதிவேட்டு மென்பொருள் ஒவ்வொன்றையும் பதிந்து வைத்திருக்கும். தேடத்தான் தெரிய வேண்டும். அவளோ காலையிலிருந்து போனில் பதில் சொல்லியே மாய்ந்துகொண்டிருந்தாள். மறுபடி மணி அடித்தது.

"அப்பா, நீங்க டைப் பண்ணுங்க. மாமா சொல்லுவாரு," என்று லேப்டாப்பைத் தன் அப்பா மடியில் வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டாள்.

"நான் ஏதாவது அழுத்தி எல்லா லிஃப்டும் நின்னுடப் போகுது," என்றார் சம்பந்தி.

"இது படிக்க மட்டும்தான் செய்யும். கறுப்பா ஒரு ஜன்னல் இருக்கா? கிட், இடம் விடுங்க, லாக். என்டர்."

"வருது... வருது... கீழே போனா இன்னும் வருது. சம்பந்தி, இதுக்கு முடிவே இல்லையா?"

"க்யூ அழுத்தி வெளியே வாங்க. இனிமேதான் சல்லடை."

எலி பிடித்து அம்புக்குறி நகர்த்தும் வேலையாக இருந்தால் என் கண்ணுக்கு நடந்திருக்காது. இது எல்லாமே சொல். வாயால் சொல்லிவிடலாம். என் வாய்க்கு என்ன கட்டா போட்டிருந்தது?

எதைத் தேடுவது என்பதுதான் அடுத்தது. மருமகள் வைத்த மரியாதையான நீளப் பெயரைத் தேடினால் அவளிடமே போய் நிற்கும். பழைய பெயர் எனக்குத் தெரியும், ஏனென்றால் வைத்தவன் நான். பதினோரு வருஷம் முந்தி, சோதனை லிஃப்டுக்குள் என் அத்தையைக் கைத்தடியோடும் பையோடும் நடக்கவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தேன். என்னைத் திட்டியபடியே எட்டு விநாடியில் உள்ளே போனாள். அந்த வரிக்கு 'அத்தை' என்றே பெயர் வைத்துவிட்டேன்.

"லாக்குக்குப் பிறகு ரெண்டு கோடு, ஒன்லைன். ஒரு பதிவுக்கு ஒரு வரிதான் காட்டும். அப்புறம் ஒரு கோடு, பெரிய எஸ், ஒட்டினாப்பல அத்தை. ஆங்கில எழுத்துல."

சம்பந்தி ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை சரிபார்த்துத் தட்டினார். அதற்குள் ஒரு லிஃப்ட் நிலாவுக்குப் போய்த் திரும்பியிருக்கும்.

"ரெண்டே ரெண்டு. ஒண்ணு கதவு நேரம் சேர்த்ததா இருக்கு. இன்னொண்ணு ஃபைலை ஒழுங்கு பண்ணினது." குரல் இறங்கியது. "அது என் பொண்ணு பண்ணினது. அப்ப அவதானா?"

"அவசரப்படாதீங்க. பெரிய எஸ் ஒரு சொல் உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் மட்டும்தான் சொல்லும். அத்தை அங்கேயே இருக்க, பக்கத்துல நம்பரை மட்டும் மாத்தினா அது வாயே திறக்காது. எஸ்ஸை எடுத்துட்டுப் பெரிய ஜி போடுங்க. அந்தச் சொல் இருக்கிற வரியைத் தொட்டவன் எல்லாம் வருவான். யாருன்னு இப்பவே சொல்றேன், சுருட்டை."

சுருட்டை என் பழைய சகா. தலைமுடியைப் போலவே அவன் எழுதும் நிரலும் இருக்கும். அவன் பெயரைப் போட்டு, அவன் பதிவுகளை மட்டும் வடிகட்டச் சொன்னேன்.

"ஒண்ணுமே வரலை. வெறும் கறுப்பு."

"இருக்காது. எழுத்து தப்பு."

"நான் எழுத்து தப்பா அடிக்கிற ஆளா? நாலு தடவை பார்த்துட்டேன்."

"சரி, அவன் பேரை எடுத்துட்டு எல்லாரையும் விடுங்க."

தட்டினார். "மூணு," என்றார். "நடுவில ஒண்ணு புதுசா இருக்கு. 'கண்காட்சிக்காக. திங்கள்கிழமை மறக்காமல் பழையபடி மாற்ற வேண்டும்.'"

அந்த வாசகம் எங்கேயோ கேட்டது போலிருந்தது. "வரி ஆரம்பத்துல அந்தப் பதிவோட அடையாளமா ஏழு எழுத்து இருக்குமே. கிட் ஷோ போட்டு அதை அடிங்க."

"கழித்தல் குறி, அத்தை, எட்டு. கூட்டல் குறி, அத்தை, மூணு. நாலு வருஷம் முந்தி, வெள்ளிக்கிழமை."

"எழுதினது யாரு?"

"எனக்கு எதிர்ல உட்கார்ந்திருக்கார்."

கண்காட்சியில் எங்கள் லிஃப்ட் மின்னல் மாதிரி இருக்க வேண்டுமென்று நான்தான் குறைத்தேன். எத்தனையோ திங்கள்கிழமை வந்து போயின. ஓய்வும் பெற்றுவிட்டேன். முப்பது வருஷத்தில் நான் செய்த ஒரே தப்பு அது. மற்ற தப்பெல்லாம் சுருட்டை செய்தது.

மருமகள் உள்ளே ஓடிவந்தாள். "கூட்டம் ஆரம்பிச்சாச்சு. ஏதாவது கிடைச்சுதா?"

சம்பந்தி நெளிந்தார். எனக்காகச் சங்கடப்படுகிறார் என்று புரிந்தது.

"சொல்லுங்க சம்பந்தி. என்னை இனிமே எந்தப் பிரிவுக்கு மாத்துவாங்க?"

மருமகள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். நானே சொன்னேன். பிரிவுத் தலைவர் சிரித்தார்.

"மருமகளுக்காக நீங்க பழியை ஏத்துக்கறீங்க சார். ரொம்ப நல்ல மனசு."

"எனக்கு மனசெல்லாம் கிடையாது. சம்பந்தி, அந்த ஏழு எழுத்தைப் படிங்க."

சம்பந்தி நில அளவையாளர் குரலில் படித்தார், இரண்டு முறை. அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம். அப்புறம் நீளமாக ஒரு மூச்சு.

"ஆமா சார். எட்டு, மூணு. நீங்கதான்." பிறகு சொன்னார்: "உங்க மருமகள் லிஃப்ட் வேலையிலயே இருக்கட்டும். இன்னைக்கே எட்டு ஆக்கி அனுப்பச் சொல்லுங்க." மருமகள் அப்பா மடியிலிருந்து லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனா சார், நேத்துதானே உங்களுக்குக் கண் ஆபரேஷன்? எப்படி?"

"நாற்பத்தோராயிரம் பதிவு தம்பி! திரையைக் கண்ணால பார்க்கலை, விரல் ஒரு பொத்தானைத் தொடலை, ஒரு கொட்டாவி..."

"இருங்க சார். பக்கத்துல இருக்கிறவரைக் கேட்கறேன். ஐயா, அவர் சொல்றது நிஜமா?"

சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கொட்டாவி இல்லைங்க, இருபது நிமிஷம். இவர் சொல்ற எதையும் நான் இதுவரைக்கும் நம்பினதில்லை. ஆனா இது நடந்தது. திரையில இருந்ததைப் படிச்சது நான்தான்."