4417 எண் சக்

ஹாலிஃபாக்ஸில் பழைய லேத் சாமான் எது கிடைத்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். துருப்பிடித்த கட்டியைப் பார்த்தே அது எந்த லேத்தின் உறுப்பு, எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

வில்ஃப் இறந்த மூன்றாம் வாரம் அவன் மனைவி பெரில் ஒரு மரப்பெட்டியோடு வந்தாள். வில்ஃபும் நானும் ஒரே பட்டறையில் அடுத்தடுத்த லேத்தில் முப்பது வருடம் நின்றவர்கள்.

"கொட்டகையைக் காலி பண்றேன் லென். எது என்னன்னு பார்த்துச் சொல்லுங்க. உருப்படியா இருந்தா சுத்தம் பண்ணி வித்துக் குடுங்க. உங்களத் தவிர வேற யாரையும் அவரு தொட விடமாட்டாரு."

"என்னையுந்தான் விட்டதில்ல. கொட்டகைக்குள்ள எட்டிப் பாக்கக்கூட விடமாட்டானே."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பெட்டியின் அடியில், இறுகிப்போன கிரீஸுக்குள் ஒரு சக் கிடந்தது. லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் உருளை. மூன்று தாடைகள் ஒன்றாக மூடித் திறக்கும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மறுநாள் பிரஷ்ஷால் தேய்த்தேன். தாடைகளைக் கழற்றித் துடைத்தேன். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் 4417 என்று குத்தியிருந்தது. சக்கின் முகத்திலும் அதே எண்.

எழுந்துபோய் மேசையின் மேல் இழுப்பறையைத் திறந்தேன். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய மூன்று தாடைகள் முப்பத்தொரு வருடமாக அங்கே கிடந்தன. சக்குக்கு இரண்டு செட் தாடை வரும். அந்த சக்கிலேயே வைத்துத் தேய்த்தவை. வேறெதிலும் ஒழுங்காக உட்காராது. என் தாடைகளை அதில் போட்டேன். வெண்ணெய் மாதிரி இறங்கின. அதற்குப் பிறகும் எண்ணைப் பார்த்தேன். 4417.

அது என் சக். பட்டறைக்கு அதைக் கொண்டுபோனது நான்தான், தாடையைத் தேய்த்துக்கொள்ள. சொந்த வேலையை முதலாளியின் மின்சாரத்தில் கமுக்கமாக முடித்துக்கொள்வது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை சக் காணாமல் போனதும் மேற்பார்வையாளரிடம் வாய் திறக்க முடியவில்லை. திங்கட்கிழமை காலை கேன்டீனில் திறந்தேன்.

"நம்ம பட்டறை டெரிக்தான். வீட்டுக்கு லேத் வாங்கிட்டு சக் இல்லாம அலையிறான்."

வில்ஃப் தேநீரை ஊதிக்கொண்டே, "எனக்கும் அதான் தோணுச்சு" என்றான்.

கூட வேலை செய்பவனிடம் திருடியவனை நாங்கள் அடிப்பதில்லை, காட்டிக்கொடுப்பதில்லை. பேசுவதில்லை, அவ்வளவுதான். நாற்பது பேர் பதினோரு மாதம் டெரிக்கிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் உட்கார்ந்த மேசையில் யாரும் உட்காரவில்லை. கடைசியில் வேலையை விட்டுப் போனான். அன்று சாயங்காலம் வில்ஃப் எனக்கு பீர் வாங்கிக் கொடுத்தான். இப்போது நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. அவன்மேல் பாதி, என்மேல் பாதி.

எட்டு கிலோ இரும்பைத் துணியில் சுற்றிக்கொண்டு, பஸ் ஏறி டெரிக் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவன் முடியெல்லாம் நரைத்திருந்தான். துணியைப் பிரித்துக் காட்டினேன்.

"வில்ஃப் பெட்டியில இருந்துச்சு. நான் தப்பு பண்ணிட்டேன் டெரிக். சத்தியமா இத்தன வருஷம் எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றான். "வெள்ளிக்கிழமை வில்ஃப் அதத் தன் சாப்பாட்டுப் பையில வச்சத நான் பார்த்தேன். திங்கக்கிழமை மத்தியானம் அதச் சொல்லத்தான் உன்கிட்ட வந்தேன்."

எனக்கு நினைவிருந்தது. என் லேத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, "லென், ஒரு நிமிஷம்" என்றான். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு மோட்டாரைப் போட்டேன். வில்ஃப் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நம் ஆள் நம்மை விட்டுக்கொடுக்க மாட்டான் என்று அன்றைக்கு எவ்வளவு பெருமை எனக்கு.

"மூணு தடவ கூப்பிட்டேன்" என்றான் டெரிக்.

சக்கை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனான்.

வீட்டுக்கு வந்தபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. பெரில்தான்.

"எது என்னன்னு கண்டுபிடிச்சீங்களா லென்?"