பெயர் கேட்கும் ஆந்தை

யசிந்தா நீட்டிய வீடியோ கசெற்றைத் தில்லைநாதன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோப்பாயில் கல்யாண வீடுகளுக்கு ரீவி, டெக், ஜெனரேற்றர் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர் அவர்.

“இது ஒறிஜினல் எல்லோ தங்கச்சி! கொம்பனிப் பெட்டியோடை இருக்கு. எங்காலை உமக்கு?”

“அண்ணை லண்டனிலையிருந்து அனுப்பினவர். பிள்ளையளுக்கெண்டு.”

மின்சாரமில்லாத யாழ்ப்பாணம் முழுக்கக் கொப்பிக்குக் கொப்பி அடித்த படம் பார்த்த காலம் அது. படம் மங்கி, கதாநாயகன் எவன், வில்லன் எவன் என்று மூக்கை வைத்துப் பிரிக்க முடியாது. இதுவோ அசல் சரக்கு. இங்கிலாந்து ரீவியில் இருபது வருசத்துக்கு முன் வந்த சிறுவர் நிகழ்ச்சி. சின்ன வயதில் பார்த்ததைத் தம் பிள்ளைகளுக்குக் காட்ட அங்கே தாய் தகப்பன்மார் கடையில் வாங்குகிறார்களாம். கொடுத்துவைத்த சனம்.

“பொம்மைப் படத்துக்கு ஜெனரேற்றர் போடவோ? நல்ல சண்டைப் படம் ஒண்டு கொண்டுவாறன்.”

“என்ரை சின்னவள் யோசப்பின் கதைக்கிறேல்லை அண்ணை. ஏழு மாசமாச்சு. இதைப் பாத்தாலாவது வாய் திறப்பாளோ எண்டு…”

தில்லைநாதன் பகிடியை நிறுத்திக்கொண்டார். நாளைக்கே வருவதாகச் சொன்னார்.

அவர்கள் முன்பு இருந்த குருநகரில் குண்டு விழுந்த அன்று யசிந்தா சங்கக்கடையில் அரிசிக்கு வரிசையில் நின்றாள். ஓடி வந்தபோது மூத்தவள், ஒன்பது வயது மெற்றில்டா, உயிரோடு இல்லை. ஐந்து வயது யோசப்பினைச் சுவரிடுக்கிலிருந்து இழுத்தெடுத்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை, குரல்தான் இல்லை. நாக்கிலும் காதிலும் குறையில்லை என்று டொக்டர் கையை விரித்துவிட்டார். அக்கா எங்கே என்று பிள்ளை கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் என்று தாயும் வாயை மூடிக்கொண்டாள். மூத்தவளின் பெயரைக்கூட அவள் அதற்குப் பிறகு உச்சரிக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று அவள் தன்னைத்தானே திட்டாத நாளில்லை.

அடுத்த நாள் பின்னேரம் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு ஜெனரேற்றர் பிடித்தது. யோசப்பின் ரீவிக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். துணி ஆந்தை ஒன்று எட்டிப் பார்த்து, உன் பெயர் என்ன என்று இங்கிலீசில் கேட்டது. கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. பார்க்கிற பிள்ளை பதில் சொல்வதற்கு விட்ட இடைவெளி அது.

யசிந்தா பிள்ளையின் பக்கத்தில் குந்தினாள். “சொல்லு பிள்ளை. உன்ரை பேரைச் சொல்லு.”

யோசப்பின் திரும்பவில்லை. ஏழு மாதம் பூட்டிக் கிடந்த குரல், கரகரத்து, மெல்ல வந்தது.

“பொறுங்கோ அம்மா. அக்கா இன்னும் சொல்லேல்லை.”

“வெரி குட்” என்றது ஆந்தை.

மூத்தவள் முதலில், இளையவள் பிறகு. இருவரும் தங்களுக்குள் வைத்திருந்த முறை அது. பிள்ளை ஊமையாகவில்லை, ஏழு மாதமாகத் தன் முறைக்குக் காத்திருக்கிறாள். ஐயோ, இதை அறியாமல் எத்தனை கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன் என்று யசிந்தாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

“அண்ணை, திருப்பிப் போடுங்கோ.”

தில்லைநாதன் கசெற்றைப் பின்னுக்கு ஓட்டினார். பிறகு ஜெனரேற்றரைப் பார்ப்பதாகச் சொல்லி வெளியே போனார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆந்தை மறுபடி கேட்டது. தலையைச் சாய்த்தது.

“மெற்றில்டா,” என்றாள் யசிந்தா. அந்தப் பெயர் வாயை விட்டு வெளியே வருவதற்குள் அவள் பாதி செத்துப்போனாள்.

யோசப்பின் திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். ஆந்தை வெரி குட் சொல்லி, பாட்டுப் பாடி, அடுத்த கேள்விக்கே போய்விட்டது.

“இனி அக்காவின்ரை முறைக்கு நீங்களோ அம்மா சொல்லுவியள்?”

யசிந்தா பிள்ளையை இழுத்து மடியில் இருத்தினாள்.

“ஓம் பிள்ளை,” என்றாள். “இனி நான்தான்.”