மிஷின்மேன் பானுப்பிரியா

சிவகாசியில் அந்த அச்சகத்தின் நாலு கலர் மிஷினை, ஓடுகிற சத்தத்தை வைத்தே எங்கே தாள் சிக்கப் போகிறது என்று சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் முப்பது வருஷம் அதை ஓட்டிய சீனிவாசகம். இன்னொருத்தி பானுப்பிரியா. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'ஹெல்பர்' என்றுதான் இருந்தது.

எம். புதுப்பட்டியில் அவள் தெருவே பட்டாசு வேலைக்குப் போகும். மகள் மட்டும் அங்கே போகக் கூடாது என்று அம்மா அய்யம்மாள் பிடிவாதமாக இருந்ததால், இருபது வயதில் அச்சகத்துக்கு வந்தாள். தாள் அடுக்கினாள், ரோலர் கழுவினாள், பார்த்துப் பார்த்தே மிஷினைப் படித்துக்கொண்டாள். சீனிவாசகம் இடுப்பு ஆபரேஷனுக்குப் போய் பதினோரு மாதம் வராதபோது, ஒரு தீபாவளி சீசன் முழுவதும் அவளே ஓட்டினாள். பட்டாசுப் பெட்டி லேபிள் லட்சக்கணக்கில் போனது. ஒரு ஆர்டர்கூடத் திரும்பி வரவில்லை.

இந்தப் பங்குனியில் சீனிவாசகம் ஓய்வு பெற்றார். அவருடைய மிஷின்மேன் பதவியை மேனேஜர் ராஜபாண்டியன் புகழேந்திக்குக் கொடுத்தார். புகழேந்திக்கு இரண்டு வருஷமாக மிஷின் கற்றுக்கொடுத்தவளே பானுப்பிரியாதான்.

அவள் மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் போய், தனக்கு ஏன் இல்லை என்று கேட்டாள். ராஜபாண்டியன் கோபப்படவில்லை.

"பொம்பளையப் போட்டா கீழ நிக்கிற பயலுக மதிக்க மாட்டானுக. நம்ம ஊர்ல எந்தப் பிரஸ்லயும் அப்படி இல்ல தாயி."

"அதை எழுதிக் குடுங்க அண்ணாச்சி."

அவர் சிரித்து, போய் வேலையைப் பார்க்கச் சொன்னார்.

தொழிற்சாலைச் சுவர்களில் மாட்டுகிற சட்டச் சுருக்கப் படிவங்களுக்கு முந்தின வருஷம் ஓர் ஆர்டர் வந்திருந்தது. மூவாயிரம் தாள் அவள் ஓட்டியதுதான். எழுத்து இரட்டையாக விழுகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கிறவளுக்குப் படிக்காமல் இருக்க முடியாது. ஆள் எடுப்பதிலும் பதவி உயர்விலும் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சம ஊதியச் சட்டத்தின் கீழ் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நோட்டில் எழுதி, அதன் கீழே தன் கதையையும் எழுதினாள். ஒரு திங்கட்கிழமை லீவு போட்டு, விருதுநகர் பஸ் ஏறி, தொழிலாளர் அதிகாரியிடம் புகாராகக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அச்சகத்துக்கு நோட்டீஸ் போன மறுநாள் அவளைக் கழிவுக் காகித குடோனுக்கு மாற்றினார்கள். அங்கே காற்றாடி கிடையாது. வெட்டிப்போட்ட துண்டுகளைக் கலர்வாரியாகப் பிரிக்க வேண்டும். கணவன் கதிரவன் மினி லாரி ஓட்டுகிறவன். முதல் வாரம் விட்டுவிடச் சொன்னான். அடுத்த வாரம் அச்சகத்தின் லோடு அவனுக்கு வருவது நின்றது. அன்றைக்கு வந்த கோபத்தில் வீட்டுக்கு வந்து, அடுத்த விசாரணை எந்தத் தேதி என்று கேட்டான். அதன்பின் விட்டுவிடு என்ற பேச்சையே அவன் எடுக்கவில்லை.

முதல் விசாரணையில் கிருபா என்கிற பெண் அதிகாரி இருந்தார். பானுப்பிரியாவுக்கு மிஷின் தெரியாது, தாள்தான் அடுக்குவாள் என்றார் ராஜபாண்டியன். அழைத்து வந்திருந்த புகழேந்தியும் அதையே சொன்னான். சொல்லும்போது அவள் பக்கம் திரும்பவில்லை. தினசரி மிஷின் நோட்டு எங்கே என்று அதிகாரி கேட்டதற்குக் கரையான் அரித்துவிட்டது என்று பதில் வந்தது. அதிகாரி அவளிடம் வேறு சாட்சியம் இருக்கிறதா என்று கேட்டுப் பதினைந்து நாள் கொடுத்தார்.

திரும்பும்போது சாத்தூர் சுற்றிப் போகிற பஸ்தான் கிடைத்தது. அதில் அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சாத்தூர் தாண்டும்போது சட்டென்று நினைவு வந்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கினாள். அந்த சீசன் லேபிள் எல்லாம் சாத்தூரில் உள்ள ஒரு பட்டாசு கம்பெனிக்குப் போனவை. எந்த வேலையிலும் கலர் சரியாக வந்த முதல் தாளில் மிஷின் ஓட்டுகிறவர் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஓகே ஷீட் என்று பெயர்.

கம்பெனி குடோனைப் பார்த்துக்கொண்ட செல்வநாயகம் தயங்கினார். அவளுக்கு உதவினால் தனக்குத் தொல்லை வரும் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

"நீங்க சாட்சி சொல்ல வேண்டாம்ண்ணே. நான் போட்ட கையெழுத்தைத்தான் கேக்குறேன். இல்லன்னா லேபர் ஆபீஸ்ல இருந்து லெட்டர் வரும், அப்பவும் நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்."

அவர் உள்ளே போய்த் தூசி தட்டிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். நாற்பத்தேழு தாள்கள். எல்லாவற்றிலும் 'ஆபரேட்டர்' என்ற இடத்தில் பானுப்பிரியா என்றே இருந்தது.

இரண்டாம் விசாரணையில் கிருபா ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பிறகு ராஜபாண்டியனிடம், தாள் அடுக்குகிறவரை ஏன் இந்த இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"அது சும்மா மேடம். கலர் மாறிப்போச்சுன்னா பார்ட்டி கேப்பாக. யாராவது பொறுப்பு ஏத்துக்கணும்ல."

அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லி, அப்படியே எழுதிக்கொள்ளும்படி அதிகாரி குமாஸ்தாவிடம் சொன்னார். பானுப்பிரியா எழுந்து நின்றாள்.

"தப்பு வந்தா நான் ஆபரேட்டர், பதவின்னு வந்தா நான் ஹெல்பர். இதைத்தான் மேடம் நான் கேக்க வந்தேன்."



விசாரணை முடிந்ததும் வராந்தாவில் ராஜபாண்டியன் அவளைத் தனியே கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. 'சீனியர் ஹெல்பர்' என்று போடலாம், சம்பளம் புகழேந்திக்கு உள்ளதே தரலாம், புகாரை வாபஸ் வாங்கிக்கொள் என்றார். கதிரவனுக்கு லோடும் கிடைக்கும்.

"நான் பாக்கப் போறது மிஷின்மேன் வேலைதானே அண்ணாச்சி? அப்ப பேரும் அதுதான்."

ஆடி மாதம் ஆணை வந்தது. சீனிவாசகம் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்தப் பதவி அவளுக்கு உரியது என்று அதில் இருந்தது. அச்சகத்தில் நியமனக் கடிதம் அடித்த குமாஸ்தா, பெண்ணுக்கு எப்படி 'மிஷின்மேன்' என்று போடுவது என்று கேட்டுச் சிரித்தான். சீனிவாசகம் அண்ணனுக்கு எதைப் போட்டீர்களோ அதையே போடுங்கள் என்றாள் அவள்.

புகழேந்தி இரண்டு கலர் மிஷினுக்குப் போனான். போகிற வழியில் அவளிடம் ஏதோ சொல்ல வந்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று மட்டும் சொன்னான். தெரியும் என்றாள். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. அப்படி அவளுக்குத் தோன்றவும் இல்லை.

முதல் நாள் காலையில் ஹெல்பர்கள் இருவரும் மிஷினுக்கு வராமல் வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். கண்ணாடி அறையிலிருந்து ராஜபாண்டியன் பார்த்துக்கொண்டிருந்தார். பானுப்பிரியா யாரையும் கூப்பிடவில்லை. பிளேட்டை மாட்டினாள், மையை ஊற்றினாள், தாள் கட்டைத் தானே தூக்க மூச்சைப் பிடித்தாள்.

மறுபக்கம் ஒரு கை வந்து தூக்கியது. பைண்டிங் பிரிவு வள்ளித்தாய்.

அங்கே உனக்கு என்ன வேலை என்று ராஜபாண்டியன் கதவைத் திறந்து சத்தம் போட்டார்.

"மிஷின் படிக்க வந்திருக்கேன் அண்ணாச்சி," என்றாள் வள்ளித்தாய், கட்டைக் கீழே வைக்காமலே.

 அவர் வாசலில் இருந்த இருவரையும் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

"முந்தானைய இழுத்துச் செருகுக்கா, ரோலர்ல மாட்டிக்கும்," என்றாள் பானுப்பிரியா. வள்ளித்தாய் செருகி முடிக்கும்வரை பொறுத்திருந்து, பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.