மூன்று நிமிடம் எங்கே போனது?

ஒரு பெட்டி பெல்ட்டில் ஏறி இறங்க ஆறு நிமிடம் என்றது சோபனாவின் கம்ப்யூட்டர். ஓசூர்ப் பக்கத்து சிப் தொழிற்சாலையிலோ அதே பெட்டிக்கு ஒன்பது நிமிடம் ஆனது. நடுவில் அந்த மூன்று நிமிடம் எங்கே போனது என்று தெரியாமல் பத்து நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இண்டூரில் வீட்டிலிருந்தபடியே பார்க்கிற வேலை. சிலிக்கான் தட்டுகளைச் சுமந்து போகும் கன்வேயர் பெல்ட்டுகளை அப்படியே கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டு, பெட்டிகள் எங்கே தேங்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். திங்கட்கிழமைக்குள் கணக்கு நிஜத்தோடு ஒத்துப்போகாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று மேலாளர் மாதவராஜ் சொல்லிவிட்டார்.

மோட்டார் வேகம் சரி, வளைவுகள் சரி. கடைசியில் தொழிற்சாலைக்கே போன் போட்டாள். எடுத்தவள் அம்பிகா, இரண்டு பெல்ட்டுகள் சேருகிற முனையில் நிற்பவள். பேச்சைக் கேட்டதுமே நம்ம பக்கமா என்று விசாரித்து, தான் ஏரியூர் என்றாள். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் குரல் இறங்கிப்போனது.

"சொன்னா எங்களத் திட்டுவாங்களாங்க்கா?"

"நான் இருக்கேன், சொல்லுங்க."

அவசரப் பெட்டிக்குச் சிவப்பு அட்டை உண்டு. அது பெல்ட்டின் அந்தக் கோடியில் கிளம்பியதுமே இந்த முனையில் நிற்கிற பெண்கள் மற்ற பெட்டிகளை நிறுத்திவிடுவார்களாம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"தீர்த்தமலை கோயில் படியில யாராச்சும் கைக்கொழந்தயோட வந்தா ஒதுங்கி வழி வுடறோமில்லீங்க, அப்படித்தான்."

சோபனா அந்த நிறுத்தத்தையும் கணக்கில் சேர்த்தாள். ஒன்பது நிமிடம் வந்தது. கண்ணில் நீர் முட்டியது. ஆனால் இதை அப்படியே எழுதினால் அந்தப் பெண்களின் தலையில்தானே விடியும்? மறுபடி உட்கார்ந்தாள். சிவப்பு அட்டை கடைசி வளைவுக்கு வந்த பிறகு வழி விட்டால் எப்படி என்று ஓட்டிப் பார்த்தாள். அவசரப் பெட்டி ஒரு நொடியும் தாமதமாகவில்லை. மற்றவை ஆறரை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தன. அறிக்கையின் முதல் வரியிலேயே, இதைக் கண்டு சொன்னவர் அம்பிகா என்று எழுதினாள்.

திங்கட்கிழமை மாதவராஜ் அறிக்கையை இரண்டு தரம் படித்தார். சோபனாவின் வேலை அவளிடமே இருக்கட்டும் என்றார். எந்த வளைவில் வழி விடுவது என்பதை அந்த முனையில் நிற்கிறவர்களையே முடிவு செய்யச் சொல்லித் தொழிற்சாலைக்குக் கடிதம் போட்டார்.

அன்று மாலை அம்பிகாவே கூப்பிட்டாள். சோபனா நலம் விசாரிப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"ஏங்க்கா, உங்க கம்ப்யூட்டர் பெல்ட்டுல நானும் நிக்கறனா?"

"நிக்கறீங்கம்மா. நீங்க வந்து நின்னப்பறந்தான் அது ஒழுங்கா ஓடுது."

அந்தப் பக்கம் யாரிடமோ அதைச் சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. சோபனா போனை வைக்காமல் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.