டெலுவின் விஷமும் லந்தானாவின் கோசையும்

இதனால் கானோ மாநகரத்து வாசகப் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று மாலை அசர் தொழுகைக்குப் பின் நம் தொடரின் முப்பத்தொன்றாம் அத்தியாயம் வெளியாகும். இளைய மனைவிக்கு விஷம் வைத்த மூத்த மனைவி டெலு, தலாக் பெற்று வீதிக்கு விரட்டப்படுவாள். இதயம் பலவீனமானவர்கள் துணையோடு படிக்கவும். இப்படிக்கு, உங்கள் சகோதரி, பொன் எழுதுகோல்.

வாட்ஸப் குழுவில் இருந்த நானூற்றுச் சொச்சம் பேரும் ஆண்டவனுக்கு நன்றி சொன்னார்கள். "அவளக் கொதிக்கிற எண்ணெயில போடுங்க" என்றாள் ஒருத்தி. "எண்ணெய் விக்கிற விலைக்கா? கிணத்துல தள்ளுங்க" என்றாள் இன்னொருத்தி. நானும் குழுவில் இருந்தேன், என் மனைவியின் பெயரில். எங்கள் வட்டாரத்து ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தோம். பெண்கள் கதையையெல்லாம் யார் படிப்பார்கள் என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வதும் நாங்கள்தான்.

சந்தோஷப்படாத ஒரே ஆள் லந்தானா. தன் வீட்டு வாசலில், இரவே ஊறப்போட்ட தட்டைப்பயறை அரைத்து, கோசை என்னும் வடை பொரிப்பவள். அவளும் ஒரு வீட்டின் மூத்த மனைவி. ஒரு மாதத்துக்கு முன் அவள் குழுவில் ஒரு வரி எழுதினாள்: "எல்லாக் கதையிலயும் மூத்தவதான் விஷம் வைக்கணுமா? இளையவளுக்குக் கையில்லையா?"

பொன் எழுதுகோலின் பதில் கதைக்குள்ளேயே வந்தது. அடுத்த அத்தியாயத்தில் டெலுவுக்கு முன்பல்லில் இடைவெளி முளைத்தது. அதற்கடுத்ததில் இடது மணிக்கட்டில் பிறை வடிவத் தீக்காயம். மூன்றாவதில் டெலு வாசலில் உட்கார்ந்து கோசை விற்க ஆரம்பித்துவிட்டாள். இத்தனையும் லந்தானாவுக்கு உண்டு என்பது ஊருக்கே தெரியும். நான்காவது அத்தியாயத்தில் டெலு சோற்றுப் பானையில் விஷம் கலந்தாள்.

மறுநாள் காலை லந்தானாவின் வாசலில் ஈ மட்டும் வந்தது. கம்பங்கூழோடு கோசை இல்லாமல் விடியாத எங்கள் தெரு, ரொட்டி தின்னப் பழகிக்கொண்டது. "அது கதைதானே?" என்று கேட்டால், "கதைதான், ஆனா எதுக்கு வம்பு?" என்றார்கள். நானும் ரொட்டிதான் தின்றேன். தினமும் அரைத்த மாவை ஆட்டுக்கு வைத்தாள் லந்தானா. இன்னும் பத்து நாள் இப்படிப் போனால் அடுப்பையே தூர்த்துவிட வேண்டியதுதான்.

வந்துகொண்டிருந்தவர் ஒரே ஒருவர், மாலம் சகிரு. பள்ளி வாத்தியார் என்பதால் மாலம், நாற்பது வயது, பிரம்மச்சாரி, இலக்கியத்தைப் பற்றிப் பேசும்போது கண்ணை மூடிக்கொள்பவர்.

"நாலு கோசை குடு லந்தானா. பாமர ஜனங்க. கற்பனை எது, நிஜம் எதுன்னு பிரிக்கத் தெரியல பாரு."

"நீங்க ஒருத்தர்தான் மாலம் தைரியமா சாப்பிடுறீங்க."

"இலக்கியம் படிச்சவன் பயப்பட மாட்டான்" என்று கண்ணை மூடி மென்றார்.

லந்தானா அந்த மெல்லும் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஷம் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவன்தான் இப்படி மெல்லுவான்.

உள்ளே போய் இளையவள் சஹூராவிடம் கேட்டாள்: "அடியே, அந்த விஷம் வைக்கிற அத்தியாயத்த இன்னொருக்க படி. அது என்ன கிழமை?"

"திங்கக்கிழமை. அன்னைக்குப் புருஷன் நோன்பாம். அதனால மத்தியானம் இளையவ மட்டும் சாப்பிட்டாளாம். நல்லா யோசிச்சுத்தான் எழுதியிருக்கா."

"கல்யாணம்?"

"அதுக்குப் பத்து நாள் முன்ன, வெள்ளிக்கிழமை."

லந்தானா விரலை மடக்கினாள். முதல் ஏழு நாள் புதுப்பெண்ணுடையது. அடுத்த வெள்ளியும் சனியும் மூத்தவள் முறை. ஞாயிறும் திங்களும் இளையவள் முறை. எங்கள் வீடுகளில் யாருக்கு முறையோ அவளுக்குத்தான் அடுப்பு, அவளுக்குத்தான் புருஷனும்.

சஹூரா வாயில் கை வைத்தாள். "அய்யோ அக்கா! என் முறை அன்னைக்கு நீ அகப்பையத் தொட்டா நான் தெருவையே கூட்டிருவேனே!"

"கூட்டினவதானடி நீ. போன ரமலான்ல, நான் உப்பு பாக்க வந்ததுக்கு."

அறிவிப்பு வந்த அன்று அசர் தொழுகை முடிந்தது. டெலு விரட்டப்படுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால், குழுவில் லந்தானாவின் குரல் பதிவு வந்து விழுந்தது.

"அக்கா தங்கச்சிமாரே, விரல் விட்டு எண்ணுங்க. திங்கக்கிழமை யாரு முறை? இளையவ முறை. அப்ப அந்தப் பானைய வச்சது யாரு? இளையவ. மூத்தவ அங்க எப்படிக் கை வச்சா? நம்ம வீட்டுல நடக்குமா? இது கூடத் தெரியாதவ எந்த வீட்டுல வாழ்ந்தா? எந்த வீட்டுலயும் வாழல, ஏன்னா அவ பொம்பளையே இல்ல. என் கைத் தழும்ப தெனம் நின்னு பாக்குற ஆம்பள. ஊரே என் கோசையத் தொடாதப்ப, விஷம் இல்லைன்னு தெரிஞ்சு தெனம் நாலு முழுங்குன ஆம்பள. மாலம் சகிரு, கண்ணத் தொறங்க!"

ஒரு நிமிஷம் நானூறு பேரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகு மடை உடைந்தது.

"ஆமா! இளையவ முறைதான்!"

"இளையவதான் தானே விஷம் வச்சிக்கிட்டு மூத்தவ மேல பழி போட்டிருக்கா, சிறுக்கி!"

"சகோதரின்னு நெனச்சு என் பிரசவக் கதையெல்லாம் தனியா அனுப்பினேனே, பாவி!"

"மாலம், மொதல்ல ஒரு கல்யாணம் பண்ணுங்க. அப்புறம் ரெண்டாவது பண்ணுங்க. அப்புறமா கதை எழுதுங்க!"

பொன் எழுதுகோல் இரண்டு முறை எழுதி எழுதி அழித்தது. மூன்றாவது முறை, "படைப்புச் சுதந்திரம் என்பது" என்று ஆரம்பித்தது. குழுத் தலைவி ஹஜியா அதற்கு மேல் விடவில்லை, மாலமை வெளியே தள்ளினாள். தலாக் பெற்று வீதிக்கு வந்தது டெலு இல்லை, மாலம்தான்.

பொழுது சாய்ந்த பிறகும் லந்தானா தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை. ஒவ்வொரு பாராட்டையும் இரண்டு முறை கேட்டாள். மன்னிப்புக் கேட்டவர்களைப் பெயர் சொல்லித் திட்டிவிட்டு மன்னித்தாள். மாலமின் தெருவில் பெண்கள் ஜன்னல் வழியே அவரிடம் கிழமை கேட்டுவிட்டுப் போவதாகச் செய்தி வந்தபோது, அதை மட்டும் நான்கு முறை கேட்டாள்.

விடிந்ததும் தெருவே அவள் வாசலில் நின்றது. கையில் கூழ்ச் சட்டியோடு நான், என் பின்னால் இமாம் வீட்டுப் பிள்ளைகள், ஹஜியா, எண்ணெயில் போடச் சொன்னவள், கிணற்றில் தள்ளச் சொன்னவள், வரிசை மசூதி வரை போயிற்று. கதவு திறந்தது. ராணி மாதிரி வந்தாள் லந்தானா.

பயறு ஊறப்போடவில்லை.