கதவில் தொங்கிய பலகை

ஸ்டுட்கார்ட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வியோரிகா முதல் வேலையாகத் தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து, ருமேனியாவில் நிலக்கரிச் சுரங்கத்து ஆஸ்பத்திரியில் தரை துடைத்த கைகள். மருந்துத் தண்ணீரில் விரல் முட்டியெல்லாம் வெடித்துக் கிடந்தது.

"ஞாபகம் இருக்கில்ல? இந்த ஊர்ல நான் வாளியத் தொட மாட்டேன். தொட வெச்சே, இதே பஸ்ல திரும்பிடுவேன். டிரைவர்கிட்ட கேட்டு வெச்சிருக்கேன், சாயந்தரமே கிளம்புறாராம்."

"ராணி மாதிரி வெச்சுக்கறேன்னு சொன்னேன்ல, வா," என்றான் அவள் புருஷன் த்ராயான்.

அவன் இங்கே டைல்ஸ் பதிக்க வந்து இரண்டு வருஷம். கட்டடம் கட்டுகிற இடத்துத் தகரக் கொட்டகையில் ஐந்து ஆண்களின் குறட்டைக்கு நடுவே படுத்து, டப்பா மொச்சையைத் தின்று தின்று வயிறு கெட்டுப்போன பிறகுதான், குடும்பஸ்தர்களுக்கு மட்டும் என்று இந்த வீடு கிடைத்தது. இவள் திரும்பிப் போனால் மறுபடி அதே குறட்டை, அதே மொச்சை.

மூன்றாவது மாடி ஏறினார்கள். வீட்டுக் கதவில் ஜெர்மனில் எழுதிய ஒரு மரப்பலகை தொங்கியது. அது என்னவென்று த்ராயானுக்குப் பார்த்ததும் தெரிந்தது. பொதுப் படிக்கட்டைக் கழுவும் முறை எந்த வீட்டுக்கோ அந்த வீட்டுக் கதவில் தொங்கும் பலகை அது. சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கழுவி முடித்து, பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். அன்றைக்குச் சனிக்கிழமை.

"இது என்னய்யா?"

"அதுவா... நல்வரவு. புதுசா குடிவர்றவங்களுக்கு மாட்டுவாங்க."

"நமக்கா?"

கரண்ட் ஆபீஸ்காரன் ஒட்டிய நோட்டீஸைத் தவிர அவள் வீட்டுக் கதவில் இதுவரை யாரும் எதையும் மாட்டியதில்லை. தலைத்துணி நுனியால் பலகையைத் துடைத்தாள். படம் எடுத்துத் தங்கச்சி மரியோராவுக்கு அனுப்பினாள்.

உள்ளே போய், ஊரிலிருந்து கொண்டுவந்த புகைபோட்ட பன்றிக் கொழுப்பை நறுக்கத் தொடங்கியபோது கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு ஹேபர்லே கிழவி. விறைப்பாக நின்று ஜெர்மனில் பொரிந்தாள்.

"பொழுது சாயப்போகுது, படியில இன்னும் ஒரு சொட்டுத் தண்ணி படல. முன்னாடி இருந்தவனும் ஏமாத்திட்டுத்தான் போனான். நீங்களும் அந்த ரகம்தானா?" விரல் படிக்கட்டை நோக்கி நீண்டது.

"என்ன சொல்லுது?" என்றாள் வியோரிகா.

"படி ஜாஸ்தியாம். உனக்கு மூட்டு வலிக்குதான்னு கேக்குது."

வியோரிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தங்கமான மனுஷி!" என்று ஒரு துண்டுக் கொழுப்பைக் கிழவியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

கிழவி கையைப் பார்த்தாள். த்ராயானைப் பார்த்தாள். "லஞ்சமா?" என்றாள்.

"ரொட்டி வாங்கிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு த்ராயான் வேலைக்குக் கொண்டுபோகும் வாளியையும் தேய்க்கும் பஞ்சையும் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வெளியேறினான். தண்ணீரைக் கிழவி வீட்டில் பிடித்துக்கொண்டான். மேல்படியில் தொடங்கி, டைல்ஸில் சிமெண்ட் கறை எடுக்கிற மாதிரி முட்டி போட்டுத் தேய்த்தபடி இறங்கினான். கிழவி கீழே நின்று விரலை நீட்டி நீட்டிக் குறை சொன்னாள்.

"ரொட்டிக் கடை இங்கதான் இருக்கா?"

மேலே வியோரிகா. வாளியைப் பார்த்தாள், பஞ்சைப் பார்த்தாள், கிழவியின் விரலைப் பார்த்தாள். இது நம்ம வீட்டு முறை என்று சொன்னால் போதும், இப்போதே பெட்டியைத் தூக்கிவிடுவாள். த்ராயான் வாய் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"அப்ப டைல்ஸ் போடறேன்னதெல்லாம் பொய்யா? ரெண்டு வருஷமா இதான் உன் வேலையா?"

நகரத்து அடுக்குமாடிகளில் பாதிக் குளியலறைகளுக்குத் தரை போட்டவன் அவன். பஞ்சை வாளியில் முக்கிப் பிழிந்தான்.

"ஆமா," என்றான்.

வியோரிகா படியில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஈரத்துணி தேய்க்கறதெல்லாம் ஒரு வேலையான்னு எத்தனை தடவ கேட்டிருப்பே, பாவி! தேய்யா, தேய். அதோ, மூலைய விட்டுட்டே பாரு." அவள் உட்கார்ந்திருந்த படியைத் துடைக்க வந்தபோது காலை மட்டும் தூக்கிக்கொண்டாள். அப்படியே தங்கச்சிக்குப் போன் போட்டாள். "மரியோரா! உங்க மாமா இங்க படி கழுவறாருடி! சத்தியமா, முட்டி போட்டு!"

ராத்திரிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும். பஸ் அவள் இல்லாமல் கிளம்பும்.

கழுவி முடித்ததும் கிழவி மேலே ஏறி வந்து, பலகையை எதிர்வீட்டுக்கு மாற்றும்படி சைகை காட்டினாள். த்ராயான் அதைக் கழற்றப் போனான்.

"ஏய், அதை எங்க எடுத்துட்டுப் போறே?"

"எதிர்வீட்டுக்கு... அவங்களுக்கும்..."

"அவங்களா புதுசா வந்தாங்க? குடுத்த மரியாதைய ஒரே நாள்ல பிடுங்குவாங்களா? வை அங்கேயே!" பலகையைப் பிடுங்கிக் கதவோடு வைத்து அழுத்திக்கொண்டாள். "ஸ்க்ரூ போடு. டைல்ஸ்காரன்னு பீத்திக்கிட்டியே, இதாவது தெரியுமா?"

த்ராயான் நான்கு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்கினான். கோணாமல், ஆடாமல், வேலை தெரிந்தவன் முடுக்குகிற மாதிரி.

கிழவி அருகில் வந்து பலகையை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. அவள் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "எல்லா வாரமும் நீங்களேவா! இப்படி ஒரு மனுஷன் இந்தக் கட்டடத்துக்கு இதுவரைக்கும் வந்ததே இல்லப்பா!"

"என்ன சொல்லுது?" என்றாள் வியோரிகா.

"நல்வரவுங்குது," என்றான் த்ராயான். அன்றைக்கு அவன் மொழிபெயர்த்ததில் அது ஒன்றுதான் ஏறக்குறைய உண்மை.